எதிர்வீட்டு மாமாவின் இடது கால்

தேரடித் தெரு, ஸ்ரீபெரும்புதூர்
6.4.2025, ஞாயிறு

எழிலரசனுக்கு,

எதிர்வீட்டு ரகுபதி எழுதுவது. 'அன்புள்ள' எங்கே என்று உன் அக்கா கேட்டாள். இருந்தால் போட மாட்டேனா?

போன ஞாயிற்றுக்கிழமை முச்சந்திப் பிள்ளையார் முன்னால் சூடம் அணைத்து நான் செய்த சத்தியம் உனக்கு நினைவிருக்கும். இனி உன்னோடு வாய் திறந்து பேசினால் என் நாக்கு அழுகட்டும் என்றேன். நீ சும்மா இருந்தாயா? உன் பங்குக்கு இன்னொரு சூடத்தை ஏற்றி, அதையும் உள்ளங்கையால் அடித்து அணைத்து, "நானும் பேசல, எனுக்கும் அதே நாக்குதான்" என்றாய். பேசக் கூடாது என்றுதான் சத்தியம். எழுதக் கூடாது என்று இல்லை. போனில் மெசேஜ் போடலாமே என்று உன் அக்கா சொன்னாள். போனில் பேசுவதும் போனில் எழுதுவதும் பிள்ளையார் கணக்கில் ஒன்றாக இருந்துவிட்டால்? எனக்கு எதற்கு வம்பு, பேப்பரே பத்திரம்.

தேர் விழாவுக்கான கூட்டத்தில் அறுபது பேர் முன்னால் எழுந்து நின்று, "எங்க மாமாவுக்குச் சர்க்கரையில காலு மரத்துப் போச்சு, இந்த வருசம் அவரைக் கட்டை போட வுடாதீங்க" என்றாயே, அதைச் சொல்ல நீ யார்? தேர் முக்குத் திரும்பும்போது சக்கரத்தடியில் கட்டையைக் கொடுத்து அதைத் திருப்புவதும், போதும் என்றால் நிறுத்துவதும் எங்கள் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வேலை. நான் இருபத்தாறு வருஷமாகப் போடுகிறேன். ஒரு வருஷமாவது சக்கரம் ஒரு சாண் தவறிப் போயிருக்கிறதா? நீ சொல்லி முடித்ததும் கூட்டத்தில் ஒருவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து என் காலைப் பார்த்தார்கள். உன் அக்காவைப் பெண் பார்க்க நான் தெருவைத் தாண்டி வந்த அன்றைக்கு நீ காபியைக் கொண்டுவந்து என் வேட்டியில் கொட்டினாய். அன்றைக்குக்கூட நான் இவ்வளவு கூசிப் போகவில்லை.

இன்னொன்று. மாடியில் குடியிருப்பவர்கள் துணி காயப்போட என்று தை மாதம் பால்கனிக்கு மேலே ஒரு தகரக் கூரை போட்டாயே, அது தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. நம் முக்கில் திரும்பும்போது தேர் அதில் இடிக்கும். என் காலைப் பார்க்கிற நேரத்தில் உன் தகரத்தைப் பார். தேருக்கு இன்னும் இருபத்து மூன்று நாள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கால் மரத்துப் போன ரகுபதி


8.4.2025, செவ்வாய்

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அக்கா சாம்பார்த் தூக்கோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "தெரு இருபத்தி ரெண்டு அடி கீது. அதுக்கு ஒரு தபாலு, அதைத் தூக்கினு வர்றதுக்கு நான் ஒருத்தி. ரெண்டு பேரும் இன்னா ஸ்கூல் பசங்களா?"

முதலில் தகரம். வல்லம் வடகாலில் எங்கள் கம்பெனியில் நான் பதினொரு வருஷமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். ஒரு தலைமுடி அளவு கூடக் குறைய இருந்தாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவன். தகரம் போடுவதற்கு முன்னால் கொட்டகைக்குப் போய்த் தேரை டேப் வைத்து மூன்று முறை அளந்தேன். தெருவையும் அளந்தேன். தேருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒன்பது அங்குலம் இருக்கும். இடிக்காது.

இப்போது கால். நான் சொன்னது பொய்யா? டாக்டர் உங்களைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் விரலைத் தொட்டு, எந்த விரல் என்று கேட்டாராம். "இன்னும் தொடவே இல்லியே" என்றீர்களாம். அக்கா அதை என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். முடிக்கும்போது சிரிக்கவில்லை.

மாசி கடைசியில் ஒரு மத்தியானம் நான் பால்கனியில் நின்றிருந்தேன். நீங்கள் டீக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்தீர்கள். வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை. அது நாலுகால் மண்டபத்துக்குப் பக்கத்தில், பைக் நிறுத்துகிற இடத்தில் கழன்று கிடந்தது. தார் கொதிக்கிற வெயில். வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் ஒன்று இல்லை என்று உங்களுக்கே தெரிந்தது. மறுநாள் உள்ளங்காலில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கொப்புளம்.

தன் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒருவர் தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்றால் என்ன ஆகும்? எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. கூட்டத்தில் சொன்னது தப்புதான். ஆனால் தனியாக நான்கு முறை சொன்னேன். நான்கு முறையும் டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள்.

விழாக் குழுவில் 'ரகுபதி இஷ்டம்' என்று விட்டுவிட்டார்கள். அதனால் உங்களையே கேட்கிறேன். உங்கள் பெரியப்பா மகன் மோகன் அண்ணனும் பத்து வருஷமாக உங்களோடு கட்டை போடுகிறார். இந்த வருஷம் அவரிடம் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
எழில்


11.4.2025, வெள்ளி

எழிலரசனுக்கு,

செருப்பு புதுசு. புதுச் செருப்பு கழலும். பஞ்சு சின்னது. டாக்டர் தேர்க் கட்டையால் தொட்டிருந்தால் எந்த விரல் என்று சொல்லியிருப்பேன்.

கட்டையைக் காலால் போடுவதில்லை. கண்ணால் போடுகிறோம். சக்கரம் எந்தப் பக்கம் சாயப்போகிறது என்று அது சாய்வதற்கு முன்னால் பார்க்கத் தெரிய வேண்டும். அது எனக்குத் தெரியும். கண்ணுக்கு இன்னும் சர்க்கரை வரவில்லை.

நீ தேரை அளந்தாய், சந்தோஷம். எப்போது அளந்தாய்? தையில். தையில் அது வெறும் மரம். அதன்மேல் மூங்கில் சாரம் கட்டி, சீலை சுற்றி, நான்கு பக்கமும் உருளை உருளையாகத் துணித் தொம்பை தொங்கவிட்டால் எவ்வளவு அகலம் என்று உன் டேப்புக்குத் தெரியுமா? பத்து வருஷமாக ஒவ்வொரு தேருக்கும் நீ ஓ.டி. என்று விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறாய். தேரைத் தேராகப் பார்த்தே உனக்கு மறந்துவிட்டது. மாலை போடாத மாப்பிள்ளையை அளந்துவிட்டு, கார் கதவு போதும் என்று சொல்கிறவன் நீ.

வரும் புதன்கிழமை சாரம் கட்டி முடிக்கிறார்கள். மறுபடி போய் அள. அளந்துவிட்டு வந்து குவாலிட்டி பற்றிப் பேசு. பேசாதே, எழுது.

ரகுபதி

பின்குறிப்பு: உன் வீட்டு மாம்பழ சாம்பார் நன்றாக இருந்தது என்று உன் அக்கா சொல்லச் சொன்னாள். நான் ருசி பார்க்கவில்லை.


18.4.2025, வெள்ளி

மாமா அவர்களுக்கு,

அளந்தேன்.

நேற்று ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, யூனிபார்மோடு நேராகக் கொட்டகைக்குப் போனேன். மாடியில் குடியிருக்கும், எங்கள் கம்பெனியிலேயே வேலை செய்கிற இசக்கிதுரையும் கூட வந்தார், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க. சாரத்தின் மூங்கில் ஒரு பக்கத்துக்கு ஓர் அடி நான்கு அங்குலம் வெளியே வருகிறது. தொம்பை இன்னும் கட்டவில்லை. தகரம் கண்டிப்பாக இடிக்கும். மேலே அர்ச்சகர்கள் உட்கார்ந்திருக்கிற உயரத்தில் இடிக்கும்.

நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். இசக்கிதுரைதான் பேசினார். "அண்ணாச்சி, கம்பெனியில இதே தப்ப நான் செஞ்சிருந்தா நீங்க என்னைய என்ன ஏச்சு ஏசியிருப்பிய?"

பதினொரு வருஷத்தில் என் அளவு தவறியது இதுவே முதல் தடவை. அதுவும் எண் தவறவில்லை. மூன்று முறையும் சரியாகத்தான் அளந்திருக்கிறேன். அளந்த பொருள்தான் தப்பு. நீங்கள் சொன்னது சரி. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்று லீவு. காலையில் தகரத்தைக் கழற்றிவிட்டோம். சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும். நீங்கள் வாசலில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து ஒவ்வொரு ஆணியாக எண்ணிக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். பேப்பர் தலைகீழாக இருந்தது.

என் தப்பை ஒருநாளில் ஒத்துக்கொண்டேன். இனி உங்கள் முறை. டாக்டரை நம்ப வேண்டாம், என்னையும் நம்ப வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். அக்காவை ஈரத்துணியால் உங்கள் காலைத் தொடச் சொல்லுங்கள். தொட்டதும் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

இப்படிக்கு,
எழில்


21.4.2025, திங்கள்

எழிலுக்கு,

நேற்று உன் அக்கா ஈரத்துணி வைத்துப் பார்த்தாள். வலது காலில் இரண்டு தடவை சொன்னேன். இடது காலில் ரொம்ப நேரமாகத் தொடவே இல்லையே என்று கண்ணைத் திறந்தேன். துணி காலின்மேல்தான் கிடந்தது. அவள் சமையல்கட்டில் இருந்தாள்.

அதனால் நீ சொன்னதும் சரிதான். எழுதிவிட்டேன், போதுமா?

ஆனாலும் இந்த வருஷம் நான்தான் போடப் போகிறேன். ஏன் என்று உனக்குச் சொல்கிறேன். உன் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. சத்தியம் செய்ததால் உன்னிடம் எழுத வேண்டியிருக்கிறது. முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரகடத்தில் குடோன் கேட்டில் எட்டு வருஷமாக நிற்கிறேன். ஒரு நாளைக்கு நூறு லாரியாவது வரும். "இன்னா செக்யூரிட்டி, கேட்டைத் தொற" என்பான் ஒருவன். "செக்யூரிட்டி அங்கிள், கையெழுத்து" என்பாள் ஆபீஸ் பெண். மேனேஜருக்கும் செக்யூரிட்டி, டீ கொண்டுவருகிறவனுக்கும் செக்யூரிட்டி. போன வருஷம் எனக்குக் கொடுத்த தீபாவளி ஸ்வீட் பெட்டியில்கூட 'செக்யூரிட்டி - 2' என்றுதான் எழுதியிருந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் பெயர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

தேர் அன்றைக்கு மட்டும் மைக்கில், "ரகுபதி, கட்டை! ரகுபதி, வுடு!" என்பார்கள். ஆயிரக்கணக்கான ஜனம். வடம் பிடித்திருக்கிறவர்கள் எல்லாம் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் கட்டையைக் கொடுத்தால்தான் தேர் திரும்பும். வருஷத்தில் அந்த ஒரு நாள் காலைப் பொழுது நான் ரகுபதி. அதைத்தான் நீ கூட்டத்தில் எழுந்து நின்று வேண்டாம் என்றாய்.

மற்ற மூன்று முக்கையும் மோகனிடம் கொடுத்துவிட்டேன். நம் முக்கு மட்டும் நான். கடைசித் தடவை. இதற்கு மேல் கேட்காதே.

ரகுபதி


27.4.2025, ஞாயிறு

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஆறு நாளாகச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஸ்வீட் பெட்டி விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கூட்டத்தில் என் வாய் திறந்திருக்காது.

வேண்டாம் என்று இனி எழுத மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். எங்கள் லைனில் ஒவ்வொரு மெஷினைச் சுற்றியும் தரையில் மஞ்சள் கோடு இருக்கும். ஓடும்போது கோட்டுக்குள் யார் காலும் போகக் கூடாது. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அக்காவும் நானும் நம் முக்கில் கோலமாவில் மஞ்சள் கலந்து ஒரு கோடு போடுகிறோம். கட்டையைக் கொடுத்ததும் உங்கள் இடது கால் அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கால் சொல்லாது. கண்தான் சொல்ல வேண்டும்.

நான் இந்த வருஷம் ஓ.டி.க்குப் போகவில்லை. பால்கனியில் நிற்பேன்.

இப்படிக்கு,
எழில்


29.4.2025, செவ்வாய், மாலை

மாமா,

சத்தியத்தை மீறிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். வேறு வழி தெரியவில்லை.

கீழே இறங்கி உங்களிடம் வர நினைத்தேன். கூட்டத்தில் வர முடியவில்லை. நீங்கள் எழுந்து நின்று, மோகன் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, தேர் திரும்பிப் போகும்வரை பார்த்ததை மேலிருந்து பார்த்தேன். இரண்டு காலும் இருந்தன. அதை மூன்று முறை எண்ணினேன்.

சக்கரத்துக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் எவ்வளவு இருந்தது என்று இசக்கிதுரை கேட்டார். தெரியாது என்றேன். அதை நான் அளக்க மாட்டேன்.

எழில்


1.5.2025, வியாழன்

அன்புள்ள எழிலுக்கு,

உன் நாக்கு எப்படி இருக்கிறது? உன் அக்காவிடம் விசாரித்தேன். நேற்றுக் காலை நீ எட்டு இட்லி தின்றாய் என்றாள். அப்படியென்றால் அழுகவில்லை. பிள்ளையார் நல்லவர்.

அன்றைக்கு நடந்தது மேலிருந்து உனக்கு எப்படித் தெரிந்ததோ எனக்குத் தெரியாது. கீழே எப்படி இருந்தது என்று சொல்கிறேன். நீங்கள் போட்ட மஞ்சள் கோடு வடம் இழுத்தவர்கள் காலில் பட்டு ஏற்கெனவே அழிந்துவிட்டது. குனிந்து பார்த்தபோது தரையில் மஞ்சளாக ஏதோ இருந்தது, கோடாக இல்லை. மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். கட்டையைக் கொடுத்தேன். நன்றாகத்தான் கொடுத்தேன், சக்கரம் அதன்மேல் ஏறித் தேர் திரும்ப ஆரம்பித்தது. அண்ணாந்து சாரத்தைப் பார்த்தேன். உன் தகரம் இருந்த இடத்தைத் தொம்பை உரசிக்கொண்டு போனது. நல்ல வேளை என்று நினைத்தேன். இரண்டு காலையும் பின்னால் எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன். வலது கால் வந்திருந்தது. இடது கால் வரவில்லை.

மைக்கில் அடுத்து என்ன சொன்னார்களோ, என் பெயரைத்தான் கத்தியிருக்க வேண்டும். மோகன் அப்படித்தான் சொல்கிறான், நான்கு தடவை கத்தினார்களாம். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. மேளம், கோவிந்தா கோஷம், மைக் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். அதற்கு நடுவில், "மாமா! எடது காலு!" என்று ஒரு சத்தம். முப்பது நாளாகக் கேட்காத சத்தம், அதனால்தான் கேட்டது. குனிந்து பார்த்தேன். கால் சக்கரத்துக்கு நேரே, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருந்தது. கையால் தூக்கி எடுத்து வெளியே வைத்தேன். நிஜமாகவே கையால் தூக்கினேன், எழில். அப்புறம்தான் உட்கார்ந்துவிட்டேன்.

மைக்கில் என் பெயர் வருவதற்காகத்தான் போனேன் என்று உனக்கு எழுதினேன் இல்லையா? அது எனக்குத் தேவைப்பட்டபோது கேட்கவே இல்லை. நீ கூப்பிட்டதுதான் கேட்டது. இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அழுதேன் என்று எழுத வேண்டாம் என்றிருந்தேன். உன் அக்கா எப்படியும் சொல்லிவிடுவாள்.

நேற்று விழாக் குழுவில் பேசிவிட்டேன். அடுத்த வருஷத்திலிருந்து கட்டை மோகனுடையது. எப்போது கொடுப்பது, எப்போது விடுவது என்று சொல்வது நான். மேலிருந்து பார்த்தால்தான் சக்கரமும் சாரமும் சேர்ந்து தெரியும், அது இவ்வளவு வருஷம் கீழே குனிந்திருந்த எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நம் முக்குக்கு உன் பால்கனிதான் சரியான இடம். அங்கே நான் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ள வேண்டும். மைக் ஒயர் உன் வீட்டு ஜன்னல் வழியாக வரும். வாடகை கேட்காதே. துணி காயப்போட இசக்கிதுரைக்கு உள்பக்கமாக ஒரு கொடி கட்டிக் கொடு, கம்பி நான் வாங்கித் தருகிறேன்.

இன்று காலை முச்சந்திப் பிள்ளையாருக்கு இரண்டு தேங்காய் உடைத்தேன். ஒன்று உன் சத்தியத்துக்கு, ஒன்று என் சத்தியத்துக்கு. நீ உன்னுடையதை ஏற்கெனவே மீறிவிட்டாய். நான் இன்னும் மீறவில்லை. முன்கூட்டியே உடைத்து வைத்திருக்கிறேன்.

இன்று மே தினம். உனக்கும் லீவு, எனக்கும் லீவு. இந்தக் கடிதத்தை உன் அக்காவிடம் கொடுத்துவிட்டு நான் டீக்கடைக்குப் போகிறேன். நீ படித்து முடிக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருப்பேன். பால்கனியில் வந்து நில். இரண்டு காலிலும் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல். தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல், பதில் சொல்கிறேன்.

உன் மாமா,
ரகுபதி